நம் தெருவுக்கு நடைபாதை: கவுண்டியிடம் எந்தப் பணத்தைக் கேட்பது?

கலிஃபோர்னியாவில் வீடு வாங்கிக் குடியேறிய நம் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தெருவில் நடைபாதை இல்லை. மழை பெய்தால் ஓரத்தில் தண்ணீர் தேங்குகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா காலையில் நடக்கப் போனால், ஓடுகிற கார்களை ஒட்டித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. கவுண்டி அலுவலகத்துக்கு ஃபோன் செய்தால் "ஃபண்டிங் இல்லை" என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கிராண்ட் வாங்கலாம் என்கிறார், இன்னொருவர் அசெஸ்மெண்ட் (தெருவில் உள்ள வீடுகளே பங்கு போட்டுக் கட்டுவது) போடலாம் என்கிறார், மூன்றாமவர் கவுண்டியை நடத்தும் வாரியத்தில் உள்ள சூப்பர்வைசரைப் போய்ப் பார்த்தால் போதும் என்கிறார். இதில் எதைப் பிடிப்பது?

கவுண்டி ஊழியர் சொல்லும் பதில் பொய்யில்லை. கவுண்டி பட்ஜெட் நூற்றுக்கணக்கான கோடி டாலராக இருந்தாலும், அதில் பெரும்பகுதி மாநிலமும் வாஷிங்டனும் மருத்துவம், சமூக நலம் என்று பெயர் குறித்து அனுப்பிய பணம். அதைத் தெருவுக்குத் திருப்ப முடியாது. ஒவ்வொரு டாலரிலும் அதை எதற்குச் செலவழிக்கலாம் என்று எழுதியிருக்கிறது. நம் தெருவுக்குப் பொருந்துகிற எழுத்து எந்தப் பணத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

இந்த ஒப்பீடு கலிஃபோர்னியாவுக்கு மட்டும். அதிலும், எந்த நகரத்துக்குள்ளும் சேராத "அன்இன்கார்ப்பரேட்டட்" பகுதிகளில் இருப்பவர்களுக்கு. அலமேடா கவுண்டியில் காஸ்ட்ரோ வேலி, ஆஷ்லாண்ட், செர்ரிலாண்ட், சான் லொரென்சோ, சாக்ரமெண்டோவுக்குக் கிழக்கே எல் டொராடோ ஹில்ஸ், சான் ஹோசே நகரத்துக்கு நடுவே ஆங்காங்கே துண்டு துண்டாகக் கிடக்கும் சாந்தா கிளாரா கவுண்டி நிலங்கள் எல்லாம் இந்த வகை. இங்கே மேயர் கிடையாது, நகர சபை கிடையாது. நடைபாதை, வடிகால், விளக்கு எல்லாவற்றுக்கும் ஐந்து பேர் கொண்ட சூப்பர்வைசர் வாரியம்தான் உங்கள் அரசு.

## கேட்கும் முன் ஒன்றைப் பாருங்கள்

உங்கள் தெருவைப் பராமரிப்பது கவுண்டியா? பழைய குடியிருப்புகளிலும் மலைப்பக்கத்திலும் பல தெருக்கள் கவுண்டி ஏற்றுக்கொள்ளாத தனியார் தெருக்களாகவே இருக்கின்றன. குப்பை வண்டியும் தபாலும் வருவதால் அது பொதுத்தெரு என்று நினைத்துக்கொள்கிறோம். பப்ளிக் வொர்க்ஸ் துறையிடம் கவுண்டி பராமரிக்கும் சாலைகளின் பட்டியல் இருக்கிறது. அதில் உங்கள் தெரு இல்லாவிட்டால், கீழே வரும் முதல் மூன்று வழிகளும் ஏறக்குறைய அடைபட்டுவிடும். அப்போது அசெஸ்மெண்ட், அல்லது "பெர்மனெண்ட் ரோடு டிவிஷன்" என்று கவுண்டி அமைத்துத் தரும் சிறிய சாலை வட்டாரம்தான் மிஞ்சும்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

கடைசியில் பணம் யார் பையிலிருந்து போகிறது? எத்தனை ஆண்டு ஆகும்? பணத்தோடு என்னென்ன நிபந்தனைகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன? வேலை முடிந்த பிறகு பராமரிப்பு யார் தலையில்?

ஐந்தாவது கேள்வியைத்தான் நான் முதலில் கேட்பேன்: வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? நம்மில் பலர் எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கிறோம். வீடு சொந்தம், வரி கட்டுகிறோம், ஆனால் தேர்தலில் வாக்கு இல்லை. ஒரு வழியை முடிவு செய்வது வாக்காளரா, வீட்டு உரிமையாளரா, அதிகாரியா என்பதைப் பொறுத்து நம் பலம் தலைகீழாக மாறிவிடுகிறது.

| வழி | யார் கட்டுகிறார் | யார் தடுக்கலாம் | காலம் | சிக்கல் |
|---|---|---|---|---|
| கவுண்டியின் சாலைப் பணம் | ஏற்கெனவே கட்டிய வரி | சூப்பர்வைசர் வாரியம் | பட்டியலில் உள்ள இடத்தைப் பொறுத்தது | வரிசை நீளம் |
| சி.டி.பி.ஜி. (ஃபெடரல் மானியம்) | வாஷிங்டன் | கவுண்டி, வீட்டுவசதிக்கான ஹட் துறை | பெரும்பாலும் 2, 3 ஆண்டு | வருமான வரம்பு |
| போக்குவரத்து கிராண்ட் | மாநிலம், பெட்ரோல் வரி, விற்பனை வரி | மதிப்பெண் போடும் குழுக்கள் | இன்னும் நீளம் | கடும் போட்டி |
| அசெஸ்மெண்ட் | தெருவில் உள்ள வீடுகள் | உரிமையாளர்கள் | ஒற்றுமை இருந்தால் குறைவு | வரி பில்லில் ஆண்டுதோறும் வரும் |
| மெல்லோ-ரூஸ் (சிறப்பு வரி வட்டாரம்) | வட்டாரத்து வீடுகள் | பதிவு செய்த வாக்காளர்கள் | வாக்கெடுப்பைப் பொறுத்தது | மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு |

## கவுண்டியின் சொந்தப் பணம்

1978ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய புரோபசிஷன் 13 என்ற சட்டம் சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்திவிட்டது. வீடு கைமாறும் வரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற முடியாது. அந்த 1 சதவீதமும் கவுண்டிக்கு முழுதாகப் போவதில்லை. பள்ளிகள், நகரங்கள், தீயணைப்பு, தண்ணீர் போன்ற தனி வாரியங்கள் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. 1990களின் தொடக்கத்தில் மாநில அரசு தன் பட்ஜெட் பள்ளத்தை நிரப்புவதற்காகக் கவுண்டிகளின் பங்கில் இன்னும் கொஞ்சத்தைப் பள்ளிகள் பக்கம் நகர்த்தியது. "நான் ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் சொத்து வரி கட்டுகிறேனே" என்ற கோபம் நியாயமானது. ஆனால் அதில் உங்கள் தெருவுக்குத் திரும்பி வரக்கூடியது மிகச் சிறிய துண்டுதான்.

சாலைக்கென்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. பெட்ரோல் வரியின் பங்கு அங்கே சேர்கிறது. 2017ல் நிறைவேறிய எஸ்.பி. 1 சட்டம் பெட்ரோல் வரியை கேலனுக்கு 12 சென்ட் உயர்த்தியது, அதில் ஒரு பங்கு நேராகக் கவுண்டிகளுக்கு வருகிறது. அடுத்த ஆண்டே அதை ரத்து செய்யக் கேட்ட புரோபசிஷன் 6 தோற்றுவிட்டதால், அந்த வரவு நிலைத்திருக்கிறது. இந்தப் பணத்தில் எந்தெந்த வேலை செய்யப்போகிறோம் என்று கவுண்டி ஒவ்வோர் ஆண்டும் பொதுக்கூட்டத்தில் ஒரு பட்டியலை ஏற்று, மாநிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலை யாரும் பார்க்கலாம். பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

இன்னொரு பட்டியல் அதைவிட முக்கியம்: கேபிடல் இம்ப்ரூவ்மெண்ட் புரோகிராம், சுருக்கமாக சி.ஐ.பி. அடுத்த சில ஆண்டுகளில் கவுண்டி கட்டப்போகும் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திய திட்டம் இது. இதில் உள்ள வேலைகள் கவுண்டியின் நீண்டகால வளர்ச்சித் திட்டமான ஜெனரல் பிளானுக்கு ஒத்துப்போகின்றனவா என்று பிளானிங் கமிஷன் பார்க்கும். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவருக்குத்தான் பரிமாறுவார்கள், சி.ஐ.பி.யும் அப்படித்தான். கவுண்டியின் சொந்தப் பணமாகட்டும், கிராண்ட் பணமாகட்டும், திட்டத்தில் பெயர் இல்லாத தெருவுக்கு விண்ணப்பம் எழுத எந்த எஞ்சினியரும் முன்வர மாட்டார்.

எனவே இதை ஐந்தில் ஒரு வழியாக மட்டும் பார்க்காதீர்கள். மற்ற வழிகளில் போகிறவர்களும் முதலில் இந்தத் திட்டத்தில் தங்கள் தெருவின் பெயரை ஏற்றியாக வேண்டும். அதற்கு வாக்குரிமை தேவையில்லை. பிரவுன் ஆக்ட் என்ற 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாரியத்தின் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும், பொதுமக்களைப் பேசவிட வேண்டும். குடியுரிமை உண்டா, விசா என்ன என்ற கேள்வியே இல்லை. கூட்டத்துக்கு வருகிறவர் பெயர் எழுதித்தான் ஆக வேண்டும் என்று நிபந்தனை போடவும் கூடாது.

மறைந்திருக்கும் செலவு காலம்தான். கவுண்டிகள் வரிசையை விபத்துக் கணக்கு, பள்ளிக்கு எவ்வளவு அருகில், பேருந்து நிறுத்தம் உண்டா என்று மதிப்பெண் போட்டுத்தான் தீர்மானிக்கின்றன. பள்ளிக்குப் போகும் பாதையில் உங்கள் தெரு இருந்தால் இதுவே சிறந்த வழி. ஒரு முட்டுச்சந்தில் பன்னிரண்டு வீடுகள் என்றால், உங்கள் முறை வருவதற்குள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள்.

## சி.டி.பி.ஜி. என்ற ஃபெடரல் மானியம்

கம்யூனிட்டி டெவலப்மெண்ட் பிளாக் கிராண்ட் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. வாஷிங்டனில் உள்ள ஹட் துறை, தனியாகப் பணம் பெறும் பெரிய நகரங்களைக் கழித்துவிட்டு 2 லட்சம் பேருக்கு மேல் உள்ள கவுண்டிகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் சூத்திரப்படி நேரடியாக இதை அனுப்புகிறது. நடைபாதை, வடிகால், சமூகக் கூடம், முதியோர் மையம் எல்லாவற்றுக்கும் செலவழிக்கலாம்.

நிபந்தனை கண்டிப்பானது. கவுண்டி செலவழிப்பதில் குறைந்தது 70 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்குப் பயன்பட வேண்டும். அந்த வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்குள் சம்பாதிப்பவர்கள் என்று அர்த்தம். நடைபாதை போல ஒரு பகுதி முழுதுக்கும் பயன்படும் வேலை என்றால், பொதுவாக அந்தப் பகுதியில் 51 சதவீதம் பேர் இந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். பணக்காரக் கவுண்டிகள் சிலவற்றுக்கு இந்த அளவு கொஞ்சம் குறைவு.

மென்பொருள் வேலைக்காரர்கள் நிறைந்த புதுக் குடியிருப்பில் இருந்துகொண்டு இதைக் கேட்டுப் பயனில்லை, கேட்பதும் நியாயமில்லை. ஆனால் வரம்பு உங்கள் வீட்டைப் பொறுத்தது அல்ல, பகுதியைப் பொறுத்தது. பழைய வாடகைக் குடியிருப்புகளும் சிறு வீடுகளும் கலந்த இடத்தில் நீங்கள் வீடு வாங்கியிருந்தால், உங்கள் பகுதி தகுதி பெறலாம். ஹட் துறையின் வரைபடத்தில் தகுதி இல்லை என்று வந்தாலும், முறைப்படி வருமானக் கணக்கெடுப்பு நடத்தி நிரூபிக்க விதியில் இடம் இருக்கிறது. வீடு வீடாகப் போகிற வேலை. அண்டை வீட்டாரின் மொழி தெரிந்தவர்கள் உங்களோடு இருந்தால் முடியும்.

மறைந்த செலவுகள் இங்கே அதிகம். ஃபெடரல் சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்து அனுமதி வருவதற்கு முன்பு வேலையில் கை வைத்தால் மானியமே கைவிட்டுப் போகலாம். கட்டுமான ஒப்பந்தம் 2,000 டாலரைத் தாண்டினாலே டேவிஸ்-பேகன் சட்டப்படி அந்த வட்டாரத்துக்கு அரசு நிர்ணயித்த கூலி கொடுக்க வேண்டும், வாரம்தோறும் கூலிப் பட்டியல் சமர்ப்பிக்க வேண்டும். பணம் பெரும்பாலும் செலவழித்த பிறகு திரும்பக் கிடைப்பது. கவுண்டியே வேலையைச் செய்தால் இதெல்லாம் அவர்கள் பாடு. ஒரு தமிழ்ச் சங்கமோ கோயிலோ முதியோர் மையத்துக்காக விண்ணப்பித்தால், கையில் முதல் இல்லாமல் திணறிப்போகும். வகுப்பு, உணவு, ஆலோசனை போன்ற சேவைகளுக்குப் பொதுவாக 15 சதவீதம்தான் உச்சவரம்பு என்பதால், அந்தப் பக்கம் போட்டி இன்னும் கடுமை.

இதோடு பலருக்குத் தெரியாத ஒரு பயன்: தெருவில் அசெஸ்மெண்ட் போட்டால், குறைந்த வருமானத்தில் சொந்த வீட்டில் வாழ்பவர்களின் பங்கை சி.டி.பி.ஜி. பணத்தில் கட்ட விதி இருக்கிறது. ஓய்வூதியத்தில் வாழும் பாட்டி ஒருவரின் தயக்கத்தால் தெருவே நின்றுபோகும் நிலைமையில் இதைக் கவுண்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

## போக்குவரத்து கிராண்டுகள்

இவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். தனி ஆட்கள் விண்ணப்பிக்க முடியாது. கவுண்டியின் பப்ளிக் வொர்க்ஸ் துறைதான் எழுத வேண்டும். நம் வேலை அவர்களை எழுத வைப்பது.

பெரியது ஆக்டிவ் டிரான்ஸ்போர்ட்டேஷன் புரோகிராம், ஏ.டி.பி. நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் என்றே 2013ல் மாநிலம் தொடங்கியது. பள்ளிக்குப் பாதுகாப்பான பாதை என்பது அதில் வலுவான வாதம். பணத்தில் குறைந்தது 25 சதவீதம் பின்தங்கிய பகுதிகளுக்குப் போக வேண்டும். போட்டி எப்போதுமே கடுமை. 2024ல் மாநில பட்ஜெட்டில் கை வைத்ததால் அந்தச் சுற்றில் பணம் இன்னும் சுருங்கியது, நல்ல மதிப்பெண் வாங்கிய திட்டங்களும் வெளியே நின்றன. கிடைத்தாலும் சுற்றுச்சூழல் ஆய்வு, வடிவமைப்பு, நிலம், கட்டுமானம் என்று கட்டம் கட்டமாகத்தான் பணம் விடுவிப்பார்கள்.

சிறியது, எளியது ஒன்று இருக்கிறது. 1971ஆம் ஆண்டுப் போக்குவரத்து மேம்பாட்டுச் சட்டப்படி, விற்பனை வரியில் கால் சென்ட் கவுண்டிகளின் போக்குவரத்துக்குப் போகிறது. அதில் 2 சதவீதம் வரை நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் ஒதுக்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் ஒன்பது கவுண்டிகளுக்கு இதைப் பிரித்துக் கொடுப்பது மெட்ரோபாலிட்டன் டிரான்ஸ்போர்ட்டேஷன் கமிஷன், எம்.டி.சி. தொகை சிறிது. விட்டுப்போன ஒரு நடைபாதைத் துண்டை இணைக்க, ஒரு சந்திப்பில் நடைபாதையிலிருந்து இறங்கச் சரிவு போட இது பொருந்தும்.

அடுத்தது கவுண்டியின் சொந்த விற்பனை வரி. அலமேடா கவுண்டி இதற்கு நல்ல உதாரணம். 2012ல் மெஷர் பி1 என்ற வாக்கெடுப்பில் போக்குவரத்துக்காக வரியைக் கூட்டக் கேட்டார்கள். 66.5 சதவீதம் பேர் ஆதரித்தார்கள், ஆனாலும் தோற்றது. குறிப்பிட்ட செலவுக்கென்று அரசு கொண்டுவரும் வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், சில நூறு வாக்குகள் குறைந்துபோயின. 2014ல் மெஷர் பிபி என்று மறுபடி கொண்டுவந்தபோது 70 சதவீதத்தைத் தாண்டி வென்றது, 2045 வரை நடக்கும். அதில் ஒரு பங்கு நகரங்களுக்கும் கவுண்டிக்கும் உள்ளூர்த் தெருக்களுக்கென்று சூத்திரப்படி வருகிறது. ஒரு தெருவுக்காக இப்படிப் புது வரி கேட்க யாரும் போக மாட்டார்கள். ஏற்கெனவே வரி இருக்கும் கவுண்டியில், அந்தப் பங்கு இந்த ஆண்டு எங்கே செலவாகிறது என்று கேட்பதே பலன் தரும். விற்பனை வரியை வாடகை வீட்டுக்காரரும் கட்டுகிறார், வருமானம் குறைந்தவருக்குத்தான் அது அதிகம் உறைக்கும். அவர்கள் வாழும் தெருக்களுக்கு அந்தப் பணம் முதலில் வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கூட்டத்தில் இதைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

காங்கிரஸ் உறுப்பினர் மூலம் நேரடியாகத் திட்டத்துக்குப் பணம் கேட்கும் வழி பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு 2021ல் திரும்பி வந்தது. நல்லதுதான், நம்பி உட்கார முடியாது. 2025 நிதியாண்டுக்கு அனுப்பிய கோரிக்கைகள், காங்கிரஸ் பழைய பட்ஜெட்டையே நீட்டித்தபோது மொத்தமாக விழுந்துபோயின.

## அசெஸ்மெண்ட்: தெருவே பணம் போடுவது

முதல் மூன்று வழிகளும் அடைபட்டுப்போய், தெருவில் ஒற்றுமையும் இருந்தால் இதுதான் வழி. தெருவில் உள்ள சொத்துகள் தங்களுக்குக் கிடைக்கும் தனிப்பட்ட பயனுக்கு ஏற்பப் பங்கு போட்டுக் கட்டுவது. 1911, 1913 ஆண்டுகளின் பழைய சட்டங்கள் முதல் விளக்குக்கும் பூங்காவுக்குமான 1972ஆம் ஆண்டுச் சட்டம் வரை இதற்குப் பல சட்டங்கள் உள்ளன. எல்லாவற்றுக்கும் மேலே 1996ல் மக்கள் நிறைவேற்றிய புரோபசிஷன் 218 நிற்கிறது.

அந்தச் சட்டத்தின் நடைமுறை நமக்குச் சாதகம். முதலில் ஓர் எஞ்சினியர் அறிக்கை தயாரிக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு சொத்து உரிமையாளருக்கும் தபாலில் வாக்குச்சீட்டு வரும், விசாரணைக்குக் குறைந்தது 45 நாள் முன்பே அனுப்ப வேண்டும். திரும்பி வந்த சீட்டுகளை ஒவ்வொருவரும் கட்டப்போகும் தொகைக்கு ஏற்ப எடை போட்டு எண்ணுவார்கள். எதிர்ப்பு ஆதரவை மிஞ்சினால் திட்டம் விழும். இங்கே வாக்களிப்பது உரிமையாளர், குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. வீட்டுப் பத்திரத்தில் பெயர் இருந்தால் எச்-1பிக்காரருக்கும் சீட்டு உண்டு. தபாலில் வரும் அந்த உறையை விளம்பரம் என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள், திரும்பாத சீட்டு கணக்கிலேயே வராது.

தொகை எவ்வளவு வரும் என்று ஒரு மாதிரிக் கணக்கு. வேலைக்கு 6 லட்சம் டாலர், 40 வீடுகள், சம பங்கு என்றால் வீட்டுக்கு 15,000 டாலர். கவுண்டி கடன் பத்திரம் வெளியிட்டு, 20 ஆண்டுக் கடனாக, 5 சதவீத வட்டியில் கட்டினால் ஆண்டுக்குச் சுமார் 1,200 டாலர், மொத்தம் 24,000. 1913ஆம் ஆண்டுச் சட்டம், கடன் பத்திரத்துக்கான 1915ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றின்படி பத்திரம் வெளியிடும் முன் 30 நாள் அவகாசம் இருக்கிறது, அதற்குள் முழுத் தொகையையும் ரொக்கமாகக் கட்டிவிட்டால் வட்டி இல்லை. கையில் பணம் இருப்பவர்கள் அந்த 30 நாளைத் தவறவிடக் கூடாது.

மறைந்த செலவுகளில் முதலாவது, எஞ்சினியர் அறிக்கைக்கும் கடன் பத்திர வழக்கறிஞருக்கும் ஆகும் கட்டணம். பத்து வீட்டுத் தெருவில் வேலையின் செலவுக்குச் சமமாகவே இது நின்றுவிடக்கூடும். இரண்டாவது, ஊருக்கே பொதுவான பயனை உரிமையாளர் தலையில் கட்டச் சட்டம் அனுமதிக்காது. நடைபாதையில் வெளியாட்களும் நடப்பார்கள் என்று எஞ்சினியர் ஒரு பங்கை ஒதுக்கினால், அந்தப் பங்குக்கு வேறு பணம் தேட வேண்டும். அதைக் கவுண்டியின் சாலைக் கணக்கிலிருந்து கேட்பதுதான் நியாயம், தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது, கடன் நிலத்தோடு ஒட்டியது. வீட்டை விற்கும்போது வாங்குபவர் அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம், அல்லது தீர்த்துவிட்டு விற்கச் சொல்லலாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மில் பலருக்கு 1,200 டாலர் பெரிதாகத் தெரியாது. அதே தெருவில் நாற்பது ஆண்டாக வாழ்கிறவருக்கு அது மருந்துச் செலவு. எடை போட்ட வாக்கில் அவரைத் தோற்கடிக்க முடியும் என்பதற்காகச் செய்யக் கூடாது. சி.டி.பி.ஜி. உதவியோ கவுண்டியின் பங்கோ உறுதியான பிறகு அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

## மெல்லோ-ரூஸ்

புரோபசிஷன் 13 கட்டிப்போட்ட கைகளை அவிழ்க்க 1982ல் வந்த சட்டம். ஹென்றி மெல்லோ, மைக் ரூஸ் என்ற இரண்டு சட்டமன்றப் பிரதிநிதிகளின் பெயர் அது. கம்யூனிட்டி ஃபெசிலிட்டீஸ் டிஸ்ட்ரிக்ட் என்று ஒரு வட்டாரத்தை அமைத்து, சிறப்பு வரி போட்டு, அந்த வரவை நம்பிக் கடன் பத்திரம் வெளியிடலாம். பள்ளி, சாலை, பூங்கா, தீயணைப்பு நிலையம் எல்லாம் கட்டலாம். தனிப்பட்ட பயனைப் பிரித்துக் காட்ட வேண்டிய தொல்லையும் இல்லை.

தடை வாக்கெடுப்பில் இருக்கிறது. வட்டாரத்தில் பதிவு செய்த வாக்காளர்கள் 12 பேராவது இருந்தால் அவர்கள்தான் வாக்களிப்பார்கள், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 12 பேருக்குக் குறைவு என்றால் நில உரிமையாளர்கள் ஏக்கருக்கு ஒரு வாக்கு என்று போடுவார்கள். புதுக் குடியிருப்புகளில் இது எளிதாக நிறைவேறுவதற்குக் காரணம் இதுதான்: வீடு கட்டும் முன்பே நிலத்துக்காரரான பில்டர் ஒருவரே வாக்களித்து முடித்துவிடுகிறார், வரியை வாங்குபவர் கட்டுகிறார்.

பழைய குடியிருப்பில், பாதிப்பேர் வாக்குரிமை இல்லாத புதுக் குடியேறிகள் என்ற நிலையில், இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டப்போகிறவர்களில் பாதிப்பேருக்கு வாயே இல்லாத வாக்கெடுப்பு அது. பல நூறு வீடுகள் சேர்ந்து பூங்காவோ தீயணைப்பு நிலையமோ கேட்கும்போது மட்டும் இதைப் பரிசீலிக்கலாம்.

புது வீடு பார்க்கிறவர்களுக்கு இது வேறு மாதிரிக் கேள்வி. விற்பவர் சிறப்பு வரி அறிவிப்பைக் கொடுக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர். அதில் இரண்டைப் பாருங்கள். சாலை, பள்ளி போன்றவற்றைக் கட்டுவதற்கான வரி என்றால் வீடுகள் மீது ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உச்சவரம்பு ஏறாது, முடியும் ஆண்டும் எழுதியிருக்கும். சேவைகளுக்கான வரி என்றால் முடிவே இல்லாமல் போகலாம். சாதாரண சொத்து வரி பாக்கி விழுந்தால் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர ஐந்தாண்டு அவகாசம் உண்டு. மெல்லோ-ரூஸ் பத்திரம் இருந்தால் அதற்கு வெகு முன்பே நீதிமன்றத்துக்குப் போகலாம். வேலை போன காலத்தில் இது நினைவில் இருக்க வேண்டும். மதிப்பின் அடிப்படையில் போடாத வரி என்பதால் ஃபெடரல் வருமான வரியில் கழிவாகக் காட்டுவதும் பெரும்பாலும் செல்லாது, கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

## நகரத்தோடு சேர்ந்துவிடலாமா?

சிலர் கேட்கிறார்கள். ஒவ்வொரு கவுண்டியிலும் லாஃப்கோ என்ற எல்லை ஆணையம் 1963 முதல் இருக்கிறது, இணைப்பை அதுதான் முடிவு செய்யும். நகரத்தால் சூழப்பட்ட 150 ஏக்கருக்குள்ளான துண்டு என்றால் நடைமுறை சுருக்கம். ஆனால் இணைந்தவுடன் நகரம் நடைபாதை போட்டுத் தரும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நகரத்தின் வரிகள் மட்டும் உடனே பொருந்தும். தனி நகரமாவதும் எளிதல்ல: காஸ்ட்ரோ வேலி மக்கள் 2002ல் அதை நிராகரித்தார்கள், சான் வாக்கின் கவுண்டியில் உள்ள மவுண்டன் ஹவுஸ் 2024 ஜூலையில்தான் நகரமானது. நடைபாதைக்காக மட்டும் இந்த வழியில் போக வேண்டாம்.

## யாருக்கு எது, எப்போது

பள்ளிப் பாதையில் இருக்கும் தெரு: சி.ஐ.பி.யில் ஏறி, ஏ.டி.பி.க்கு எழுத வையுங்கள். வருமானம் கலந்த பகுதி: சி.டி.பி.ஜி. தனியார் தெரு, அல்லது முப்பது நாற்பது வீடுகள் ஒரே மனதோடு இருக்கும் இடம்: அசெஸ்மெண்ட். நடைபாதையில் ஒரு துண்டு மட்டும் விட்டுப்போயிருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பணம், அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

கவுண்டியின் நிதியாண்டு ஜூலை 1ல் தொடங்குகிறது. மே, ஜூன் மாத பட்ஜெட் விசாரணைக்குப் போய் முதல்முறையாகக் கேட்டால், அதற்குள் எண்கள் இறுகிவிட்டிருக்கும். இலையுதிர் காலத்திலேயே உங்கள் சூப்பர்வைசரின் உதவியாளரைச் சந்தியுங்கள், சூப்பர்வைசரைவிட அவருக்குத்தான் பட்டியல் தெரியும். பல கவுண்டிகள் சி.டி.பி.ஜி. விண்ணப்பத்தைக் குளிர்காலத்தில் அழைக்கின்றன. வசந்தத்தில் சி.ஐ.பி. வரைவும் எஸ்.பி. 1 பட்டியலும் வாரியத்துக்கு வரும்போது பேச ஆள் இருக்க வேண்டும். தெருவின் பெயர், அது பட்டியலில் எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பணத்தைக் கேட்கிறீர்கள் என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். வரிசையில் ஆள் அதிகமாக இருந்தால் வாரியத் தலைவர் ஒவ்வொருவரும் பேசும் நேரத்தை ஒரு நிமிடமாகக் குறைத்துவிடுவார்.